ஏழு கிலோவுக்குள் ஒரு கல்யாணம்

கேள்வி, குடியாத்தத்திலிருந்து. 14 நவம்பர் 2023

அண்ணா, எங்கள் ஊர் சேட்டு வீட்டுக் கல்யாணம் டிசம்பர் 6, 7 தேதிகளில் ஜோத்பூரில் நடக்கிறது. படம் எடுக்க என்னைத்தான் அழைத்திருக்கிறார்கள். இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. நிக்கான் டி750 பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) இரண்டு, 24-70, 70-200, 85 லென்ஸ்கள், ஃபிளாஷ் இரண்டு, முக்காலி ஒன்று. டிக்கெட்டில் கைப்பை 7 கிலோ, செக்-இன் 15 கிலோ என்று இருக்கிறது. எல்லாவற்றையும் பஞ்சு வைத்துக் கட்டிப் பெரிய பெட்டியாகச் செக்-இன்னில் போட்டுவிடு என்கிறார் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர். சரியா?

14 நவம்பர், இரவு

சரியே இல்லை. டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் டிக்கெட்டோடு நிற்கட்டும்.

ஒருமுறை எனக்கு இறக்கைக்குப் பின்னால் ஜன்னல் இருக்கை கிடைத்தது. கீழே வண்டியிலிருந்து பெட்டிகளை பெல்ட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்றினார்கள் என்பது மரியாதைக்காகச் சொல்வது. நெல் மூட்டை இறக்குகிறவர்கூட முழங்காலில் ஒரு தாங்கு தாங்கித்தான் தரையில் விடுவார். இங்கே அதுவும் கிடையாது. உடையும் பொருள் என்று சிவப்புச் சீட்டு ஒட்டிய அட்டைப்பெட்டி ஒன்று தலைகீழாகப் போனது. அன்றிலிருந்து கண்ணாடி உள்ள எதையும் நான் சரக்கறைக்கு விட்டதில்லை.

பெட்டி தொலைந்தால் உள்நாட்டுப் பயணத்துக்கு விமான நிறுவனத்தின் பொறுப்பு அதிகபட்சம் 20,000 ரூபாய். அதிலும் கேமராவைச் செக்-இன்னில் போட்டால் நாங்கள் பொறுப்பல்ல என்று நிபந்தனைகளில் பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். உன் 70-200 என்ன விலை என்று உனக்கே தெரியும்.

விலை உயர்ந்தது கையில், மலிவானது பெட்டியில். அவ்வளவுதான் கணக்கு.

15 நவம்பர்

அவ்வளவுதான் கணக்கு என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனேன், தூக்கம் வரவில்லை. கூட்டிப் பார்த்தேன். டி750 பேட்டரியோடு 840 கிராம், இரண்டுக்கு 1,680. 24-70 பழைய மாடல் 900. 70-200 இரண்டாம் பதிப்பு என்றால் 1,540. 85 லென்ஸ் 350. எஸ்பி-910 ஃபிளாஷ் 420 வீதம் இரண்டுக்கு 840. ஃபிளாஷுக்குள் எட்டு செல் போட்டால் இன்னும் 200க்கு மேல். இதுவே ஐந்தரைக் கிலோ ஆகிவிட்டது. பையின் எடையை இன்னும் சேர்க்கவில்லை. சார்ஜர் இல்லை, மெமரி கார்டு இல்லை, துடைக்கும் துணி இல்லை, நீ மாற்றிக்கொள்ள ஒரு சட்டையும் இல்லை.

வெறும் பையை எடை போட்டிருக்கிறாயா? நான் போட்டதில்லை, அவமானப்படும் வரை. ஆம்பூரில் தோல் வெட்டும் நண்பர் ஒருவர் எனக்கென்று அளவெடுத்து ஒரு கேமராப் பை தைத்துக் கொடுத்தார். எருமைத் தோல், பித்தளைக் கொக்கி, உள்ளே கம்பளித் தடுப்பு. நம் ஜில்லாவின் பெருமை தோளில் தொங்குகிறது என்று ஆறு மாதம் சுற்றினேன். சென்னை கவுன்டரில் எடை கேட்டார்கள். திரும்பி வந்து, வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருமுனைப் பழைய பேப்பர் கடையில் கொக்கித் தராசு ஒன்று தொங்குமே, அதில் வெறும் பையை மாட்டச் சொன்னேன். 2 கிலோ 700. கடைக்காரர் முள்ளைப் பார்த்துவிட்டு, "கிலோ என்ன விலைக்கு எடுக்கட்டும்?" என்று கேட்டார்.

இப்போது அதில் என் மனைவி வீட்டுப் பத்திரங்களை வைத்திருக்கிறாள்.

உனக்குச் சாதாரணத் துணி முதுகுப்பை போதும். சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம். சக்கரமும் இழுக்கும் கம்பியும் மட்டுமே ஒன்றரைக் கிலோவைத் தின்னும். தூத்துக்குடி, சேலம் போகும் ஏடிஆர் என்ற சின்ன விசிறி விமானங்களில் தலைக்கு மேலே இருக்கும் அறை சிறியது. சக்கரப் பெட்டி அதில் நுழையாது. ஏணியடியில் வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். முதுகுப்பையைக் காலடியிலாவது தள்ளலாம்.

16 நவம்பர்

பேட்டரி. இதில் விலைக் கணக்கு கிடையாது. உபரி பேட்டரி, பவர் பேங்க் எதுவும் செக்-இன்னில் போகக் கூடாது, கையில்தான். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி. 100 வரை கேள்வி இல்லை. 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு, உபரியாக இரண்டு மட்டும். 160க்கு மேல் பயணிக்கு வாய்ப்பே இல்லை.

உன் கேமரா பேட்டரி 14 வாட்-மணிதான், கவலைப்படாதே. பவர் பேங்கின் முதுகில் 20,000 என்று போட்டிருக்கும். 3.7 வோல்ட்டால் பெருக்கிப் பார், 74,000 வரும், அது ஆகாது. சிறியதாக ஒன்று வாங்கிக்கொள்.

17 நவம்பர்

மேலே உள்ளதில் கடைசி இரண்டு வரிகளை அடித்துவிடுங்கள். திருப்பத்தூரிலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியை எழுதியிருக்கிறார்: "ஐயா, உங்கள் கணக்குப்படி ஸ்கூட்டர் சாவிக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரியே 660 வாட்-மணி. அதை வைத்து ஒரு பத்து நிமிடம் கிரைண்டர் ஓட்டிக் காட்டுங்களேன்."

முதுகில் எழுதியிருப்பது மில்லி ஆம்பியர்-மணி. ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 20 × 3.7 = 74. தாராளமாகப் போகும். வீடியோ எடுப்பவர்கள் தோளில் மாட்டும் பெரிய பேட்டரியில் 14.8 வோல்ட், 6.6 ஆம்பியர்-மணி என்றால் 98க்குக் கொஞ்சம் கீழே. நூறைத் தாண்டாமல் நிற்பது தற்செயல் இல்லை, விதியைப் பார்த்தே அப்படிச் செய்து விற்கிறார்கள்.

பத்தாம் வகுப்பில் அறிவியலில் எனக்கு எவ்வளவு மதிப்பெண் என்று அந்த அம்மா கேட்காமல் விட்டதற்கு நன்றி.

ஏன் கையில் என்றும் கேட்டிருந்தார்கள். லித்தியம் செல் ஒன்று உள்ளே பழுதாகிச் சூடேறினால் பக்கத்துச் செல்லையும் ஏற்றிவிடும். சரக்கறையில் தீயணைக்க ஹாலான் வாயு உண்டு. அது சுடரை அமர்த்தும், செல்லுக்குள் ஏறும் சூட்டை நிறுத்தாது. மேலே பயணிகள் பக்கம் என்றால் புகை வந்த உடனே கண்ணில் படும், பணியாளர்கள் தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பார்கள். பேட்டரியை முன்கூட்டியே விமானக் கூரியரில் அனுப்பிவிடலாமே என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. தனி லித்தியம் அயனி பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதற்கு 2016 ஏப்ரலிலிருந்தே தடை. பேட்டரி முனைகளுக்குப் பிளாஸ்டிக் மூடி போடு, இல்லாவிட்டால் இன்சுலேஷன் டேப் ஒட்டு. சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் ஒரே பாக்கெட்டில் போடாதே.

20 நவம்பர்

எந்த விமான நிலையம்? நமக்குச் சென்னைதான். காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் மெட்ரோ விமான நிலையத்துக்குள்ளேயே கொண்டுபோய் விடும். நள்ளிரவு என்றால் பஸ்ஸில் பூந்தமல்லியில் இறங்கி ஆட்டோ. திருப்பதி விமான நிலையம் இருக்கும் ரேணிகுண்டாவும் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலேதான், ஆனால் அங்கிருந்து உனக்கு வேண்டிய ஊருக்கு உனக்கு வேண்டிய நேரத்தில் விமானம் இருக்காது. பெங்களூரை மறந்துவிடு. விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி ஊருக்கு அந்தப்புறம் இருக்கிறது, 200 கிலோமீட்டருக்கு மேல்.

வேலூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் அப்துல்லாபுரத்தை யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்து ஓடுதளம், சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தில் பெயர் வந்தது, கட்டடமும் வந்தது. விமானம் வந்ததும் முதல் படம் எடுக்க நானே போகிறேன், கூலி வேண்டாம்.

22 நவம்பர்

முதல் நாள் எழுதிய 'விலை உயர்ந்தது கையில், மலிவானது பெட்டியில்' என்பதை நான் திரும்பப் பெறுகிறேன். இந்தூர் கதையை எழுதினால்தான் ஏன் என்று புரியும்.

2017. மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் உறவினர்கள் உள்ள ஒரு வேலூர்க் குடும்பத்தின் கல்யாணம். பாடி, லென்ஸ், ஃபிளாஷ் எல்லாம் என் மடியில். செக்-இன் பெட்டியில் முக்காலி, துணிமணி, கேபிள்கள், சார்ஜர்கள். மலிவானவை. மும்பையில் விமானம் மாறினோம், பெட்டி மாறவில்லை. இந்தூர் பெல்ட்டில் கடைசியாக ஒரு அரிசிப் பையும் ஒரு குழந்தை வண்டியும் சுற்றிக்கொண்டிருந்தன. அரைமணி நேரம் அவற்றையே பார்த்தேன்.

கவுன்டரில் பெட்டி வரவில்லை என்று புகார் எழுதி, பி.ஐ.ஆர். என்கிற அந்தப் புகாரின் எண்ணை வாங்கிக்கொண்டேன். (விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் எழுதிவிட வேண்டும். வெளியே வந்தபின் யாரும் நம் பேச்சைக் கேட்க மாட்டார்கள்.) நாளை மாலைக்குள் வரும் என்றார்கள். அன்று மெகந்தி. இருந்த நான்கு பேட்டரிகளில் இரண்டு அன்றிரவே தீர்ந்தன. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. மதியம் மூன்றாவது போய்விட்டது. மாலையில் குதிரை ஊர்வலம். ஒன்றரை லட்ச ரூபாய்க் கருவிகளை மடியில் வைத்துக்கொண்டு 110 கிராம் சார்ஜருக்காக, தெரியாத ஊரில், தெரியாத மொழியில், ஆட்டோவில் ஸ்டூடியோ ஸ்டூடியோவாக அலைந்தேன். நாலாவது ஸ்டூடியோவில் ஒரு கிழவர். நான் பேட்டரியை எடுத்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் சுவரில் மாட்டியிருந்த தன் சார்ஜரைப் பிளக்கோடு பிடுங்கிக் கொடுத்தார். முன்பணமாக ஆயிரம் ரூபாய் நீட்டினேன். அதைத் தள்ளிவிட்டு டீ வாங்கிவரப் பையனை அனுப்பினார்.

ஆகவே கேள்வி விலை பற்றியது அல்ல. இந்தப் பெட்டி வராமல் போனால் அந்த ஊரில் சாயங்காலத்துக்குள் எது கிடைக்காது? அது கையில். 85 லென்ஸ் இல்லாமல் கல்யாணம் எடுக்கலாம். சார்ஜர் இல்லாமல் முடியாது. கார்டு இல்லாமல் முடியாது. தம்பி, என்னிடம் அதே மாடல் சார்ஜர் இரண்டு இருக்கின்றன. வந்து ஒன்றை வாங்கிக்கொண்டு போ.

22 நவம்பர், பின்குறிப்பு

ஒன்றரை லட்சம் என்று மேலே எழுதியதைப் பார்த்து என் மனைவி, "எனக்கு எழுபதாயிரம் என்றல்லவா சொன்னீர்கள்?" என்கிறாள். அந்த இழையை அவள் தனியாகத் தொடர்ந்துகொண்டிருக்கிறாள்.

27 நவம்பர்

நேற்றுத் திருவண்ணாமலைத் தீபம். இடுப்பு இன்னும் நிமிரவில்லை. அதனால் சுருக்கமாக எழுத நினைத்தேன், முடியவில்லை.

முக்காலி: செக்-இன் பெட்டியில் போடு. சில இடங்களில் கையோடு விட்டுவிடுகிறார்கள், சில இடங்களில் தடி என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். திருப்பி அனுப்பினால் வரிசையிலிருந்து வெளியேறி மறுபடி கவுன்டருக்கு ஓட வேண்டும். முக்காலியின் தலையை மட்டும் கழற்றித் துணிக்குள் சுருட்டு. கேமராவில் திருகும் அந்தச் சின்னத் தகட்டைக் கேமராவிலேயே விட்டுவிடு. அதை மேசையில் வைத்துவிட்டுப் போய், மூன்று நாள் முக்காலியை வெறும் துணி காயப்போடும் கம்பாகப் பயன்படுத்தியவன் சொல்கிறேன்.

பாதுகாப்புச் சோதனை: பாடியையும் பெரிய லென்ஸையும் தட்டில் தனியாக வை. எக்ஸ்-ரேயில் லென்ஸ்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் கறுப்பாக உருளை உருளையாகத் தெரியும், யாருக்கும் சந்தேகம் வரும். கேமராவை இயக்கிக் காட்டச் சொல்வார்கள், பேட்டரியில் சார்ஜ் இருக்கட்டும். மெமரி கார்டுக்கு எக்ஸ்-ரேயால் ஒன்றும் ஆகாது. வடக்கே ஒரு மலைநகர விமான நிலையத்தில் என் ஃபிளாஷ் செல் எட்டையும் எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். விதி என்ன என்று கேட்டேன். இங்கே இதுதான் விதி என்றார் சோதித்தவர். வாதாடவில்லை. விமானம் அவர்கள் பக்கம் இருக்கும்போது வாதாடக் கூடாது.

எல்லாரும் அப்படி இல்லை. கொல்கத்தாவில் ஒரு வீரர் என் ஆதார் அட்டையில் வேலூர் என்று பார்த்துவிட்டுத் தமிழில், "வெயில்!" என்றார். தக்கோலத்தில் பயிற்சி எடுத்தவராம். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம் நம் அரக்கோணம் பக்கத்தில்தானே இருக்கிறது. 949இல் ராஜாதித்த சோழன் யானைமேல் இருந்தபடியே மடிந்த தக்கோலம். இந்த வீரருக்கு அங்கே தெரிந்தது வெயில் ஒன்றுதான். இரண்டாவது சொல் ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். "ஓடு, ஓடு" என்றார்.

ஜோத்பூர் விமானப்படைத் தளம். பயணிகள் விமானம் அதன் ஓர் ஓரத்தில்தான் இறங்கும். இறங்கும்போது ஜன்னல் வழியே, இறங்கியபின் ஓடுதளத்தில், எங்கேயும் கேமராவோ போனோ எடுக்காதே. முதல் விமானப் பயணம், ஆசை வரும். சென்னையிலேயே தீர்த்துக்கொள்.

29 நவம்பர்

இரண்டு சில்லறைக் கேள்விகள்.

ஃபிலிம் கேமரா வைத்திருக்கும் ராணிப்பேட்டை அன்பருக்கு: கழுவாத ஃபிலிமைச் செக்-இன்னில் போடவே போடாதீர்கள், அங்கே எக்ஸ்-ரே கடுமை. கையில் கொண்டுபோய்க் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். புதிதாக வரும் சி.டி. ஸ்கேனர்கள் ஒரே தடவையில் புகை படிந்ததுபோல் ஆக்கிவிடும்.

பினாங்கு போகும் ஆம்பூர் அன்பருக்கு: புறப்படும் நாளில் சென்னையில் சுங்கக் கவுன்டருக்கு முதலில் போய், பாடி, லென்ஸ் வரிசை எண்களோடு ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது இது அங்கே வாங்கியதா என்று கேட்டால் காட்ட அந்தத் தாள் ஒன்றுதான். கருவிகள் மிக அதிகம் என்றால், தற்காலிகமாக வெளிநாடு கொண்டுபோய் வரும் பொருள்களுக்கான ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணம் ஒன்று உண்டு, இந்தியாவில் ஃபிக்கி என்ற வணிகர் கூட்டமைப்பு வழங்குகிறது. ஒரு பாடி, இரண்டு லென்ஸுக்கு அது கொசுவுக்குப் பீரங்கி.

கழுத்தில் தொங்கும் கேமரா 7 கிலோவில் சேருமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒரு கைப்பைக்கு மேல் கொண்டுபோகத் தக்கவை என்ற பழைய பாதுகாப்புப் பட்டியலில் குடை, கைத்தடி, பெண்கள் கைப்பை இவற்றோடு ஒரு கேமராவும் உண்டு. அதைச் சொல்லிக் கவுன்டரில் நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. ஆனால் சொல்லாமல் பேசாமல் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனபோது யாரும் கேட்டதும் இல்லை.

3 டிசம்பர்

தம்பிக்கு நாளை மாலை விமானம். வங்கக் கடலில் மிக்ஜாம் புயல். இங்கே தூறல்தான், ஆனால் சென்னையிலிருந்து வரும் படங்கள் நன்றாக இல்லை. தம்பி, இன்றிரவே ஒரு முடிவெடு.

4 டிசம்பர், பகல்

சென்னை ஓடுதளத்தில் தண்ணீர். விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். தம்பி போனில், "அண்ணா, பெங்களூரை மறந்துவிடு என்றீர்களே?" என்றான். குரலில் கேலியா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

4 டிசம்பர், இரவு

பெங்களூர் பற்றி எழுதியது வேலூர்க்காரனின் அகம்பாவம். குடியாத்தத்துக்காரனுக்குப் பேரணாம்பட்டு, வி.கோட்டா, கோலார் என்று ஒரு வழி இருக்கிறது. கோலாரிலிருந்து தேவனஹள்ளிக்குப் போகப் பெங்களூருக்குள் நுழையவே வேண்டாம். தக்காளி லாரி ஓட்டுகிறவர்களுக்கு மனப்பாடம். எனக்குத்தான் தெரியவில்லை. அவன் சித்தப்பாவின் வேனில் கிளம்பிவிட்டான். புது டிக்கெட், விலையைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

5 டிசம்பர்

டில்லி மாறி ஜோத்பூர் போய்ச் சேர்ந்துவிட்டான். சென்னை இன்று காலையில்தான் திறந்தது. அவன் பக்கத்து இருக்கைக்காரர் ஏணியில் நின்று போனை உயர்த்தியதும் விசில் அடித்துக்கொண்டு ஒருவர் ஓடிவந்தாராம். தம்பி இரண்டு கையையும் பையில் விட்டுக்கொண்டு நடந்தானாம், குற்றவாளிபோல்.

17 டிசம்பர்

மார்கழி பிறந்துவிட்டது, நமக்கு வேலையில்லை. தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். படங்களைக் காட்டினான். பின்னால் கோட்டை, முன்னால் மணப்பெண், 85 லென்ஸில் எடுத்தது. 85 இல்லாமல் கல்யாணம் எடுக்கலாம் என்று எழுதியவன் நான்தான். எடுக்கலாம், இப்படி எடுக்க முடியாது.

எடை என்ன ஆயிற்று என்று கேட்டேன். போகும்போது கவுன்டரில் 6 கிலோ 900. குடியாத்தத்தில் தீப்பெட்டிக் கம்பெனித் தராசில் நான்கு தடவை நிறுத்துப் பார்த்துவிட்டுப் போனானாம். திரும்பும்போது சேட்டு வீட்டில் மாவா கச்சோரி என்ற இனிப்பு இரண்டு கிலோ கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பாடியையும் கழுத்தில் மாட்டி, 70-200ஐ வேட்டிக்குள் சுருட்டிக் குழந்தைபோல் இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறான். கச்சோரிக்குப் பையில் இடம்.

கச்சோரியோடு என் சார்ஜரையும் மேசைமேல் வைத்தான். எதில் கொண்டுபோனாய், கையிலா என்று கேட்டேன்.

"இல்லை அண்ணா. கையில் நூறு கிராம் கூடிவிட்டது. உங்கள் சார்ஜரையும் என் சார்ஜரையும் பெட்டியில் போட்டுவிட்டேன். பெட்டி எனக்கு முன்னாலேயே வந்து பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருந்தது."